கூண்டு சுமந்த பையன்கள்

1795இல் கம்பெனிப் படையோடு மதுரையில் தங்கியிருந்த ஜேம்ஸ் வெல்ஷுக்கு 20 வயது. அந்த வெள்ளைக்கார வாலிபருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர், சிவகங்கைச் சீமையின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த சின்ன மருது. இதை எழுதிவைத்திருப்பவர் வெல்ஷேதான். 1830இல் வெளிவந்த அவருடைய படை நினைவுகளில் இருக்கிறது. தேர்ந்த கையில் அந்த வளைதடி நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் வியந்து சொல்கிறார். பெரிய மருதுவைப் பற்றி எழுதியிருப்பது இன்னும் சுவையானது. ஆட்சிப் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு, காடே கதி என்று வேட்டையில் திரிந்த மனிதர். ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைப்பாராம். மதுரையிலிருந்து வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கு வந்தால், புலி கிளம்பும்போது முதல் ஆளாக எதிரே போய் நிற்பார். மான், பன்றி, மயில் போன்றவற்றை வந்த விருந்தாளிகளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்.

எங்கள் மதுரைச் சீமையில் ஒரு புது ஆளை வேட்டைக்குக் கூட்டிப்போன கதைகளில் எழுத்தில் பதிவானதும், எனக்கு மிகவும் நெருக்கமானதும் இதுதான். பெரியது தனக்கு, சின்னது புதியவனுக்கு. ஆபத்து தனக்கு, ஆசை அவனுக்கு. நான் பார்த்த வேட்டைக்காரர்களும் இந்த முறையைத்தான் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

ஆறே வருஷத்தில் கதை தலைகீழாகிவிட்டது. 1801இல் மருது சகோதரர்களை எதிர்த்து நடந்த போரில் கம்பெனிப் படையில் வெல்ஷும் இருந்தார். அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கில் போட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி சிறுவன். அவனையும் மற்றவர்களையும் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். வெகுகாலம் கழித்து, 1818இல், வெல்ஷ் பினாங்கில் அந்தத் துரைசாமியைப் பார்த்திருக்கிறார். வளரி கற்றுக்கொடுத்த கைக்குச் சொந்தக்காரரின் பிள்ளை, நாடு கடத்தப்பட்டு, காலத்துக்கு முன்பே மூத்துப்போய் எதிரே நிற்கிறான். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

தூக்குப் போட்ட அந்த 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பெயரில் ஓர் அறிவிப்பு வந்தது. தென்சீமைப் பாளையங்களில் ஈட்டியும் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது என்றது. கோட்டைகள் இடிந்தன. வளரி மெல்ல மெல்லப் பெட்டிக்குள் போயிற்று. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தன் ஏழு தொகுதி நூலை வெளியிட்டபோது, கள்ளர் வீட்டுக் கல்யாணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொள்வார்கள் என்று எழுதும் நிலைக்கு அது வந்திருந்தது. முயலை விழத்தட்டிய கருவி சீர்வரிசைப் பொருளாகிவிட்டது.

ஆயுதம் போன பிறகு இந்தச் சமவெளியில் மிஞ்சியவை வலை, கண்ணி, நாய், கூண்டு. இவற்றுக்கு லைசென்ஸ் கேட்பாரில்லை. நூலை முறுக்கத் தெரிந்தால் வலை, மூங்கிலைப் பிளக்கத் தெரிந்தால் கூண்டு. நான் அறிந்த வேட்டை இந்த ஏழை வேட்டைதான். அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஆரப்பாளையத்தில் அறுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் நடந்துபோனால் திண்ணைக்குத் திண்ணை மூங்கில் கூண்டு தொங்கும். உள்ளே கௌதாரி. மில்லுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள்தான் பாதித் தெரு. சோழவந்தான் பக்கம், உசிலம்பட்டிப் பக்கம், மேலூர்ப் பக்கம் என்று கிராமத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் கௌதாரியை மட்டும் விடவில்லை. ஹார்வி மில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே ஒரு கூண்டு குரல் கொடுக்கும். அதற்குப் பதிலாக அடுத்த தெருக் கூண்டு. புட்டுத்தோப்பு வரைக்கும் அந்தக் கூவல் போய்த் திரும்பும். என் தாய்மாமாவும் மில்லில்தான் வேலை பார்த்தார். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் மற்றவர்கள் படுத்துவிடுவார்கள். மாமா சைக்கிளை எடுப்பார்.

எனக்குப் பதினோரு வயசு. "என்னையும் கூட்டிட்டுப் போங்க மாமா" என்று எத்தனையோ நாள் நச்சரித்த பிறகு, "சரி மாப்ள, மொதல்ல கரையான் புடிச்சுக் காட்டு" என்றார். வேட்டைக்கும் கரையானுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது புரியவில்லை. பார்வைக் கௌதாரிக்கு, அதாவது காட்டுக் கௌதாரியை அழைத்துவரும் வளர்ப்புப் பறவைக்கு, கரையான்தான் உசிர்த்தீனி. கேப்பையும் கம்பும் வயிற்றை நிரப்பும். கரையான் தின்ற சேவல்தான் தொண்டையைத் திறக்கும் என்பது மாமாவின் கட்சி.

கரையான் பிடிக்கிற வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அம்மாச்சி. வாய் உடைந்த பழைய கலயம் ஒன்று. அதற்குள் காய்ந்த சாணி, மக்கின வைக்கோல், கிழிந்த சாக்குத் துண்டு. லேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் ஓடுகிற புற்று மண் பார்த்து, பொழுது சாயும்போது கவிழ்த்து வைத்துவிட வேண்டும். விடியக் கருக்கலில் கலயத்தைப் புரட்டினால் சாக்கு நெடுக வெள்ளையாக நெளியும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் கூடினால் அழுகல் நாற்றம். குறைந்தால் ஒரு பூச்சி வராது. எந்த மண்ணில் வரும், எந்த மண்ணில் வராது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. வேட்டைக்குப் போவதற்கு முன்பே மண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த படி, கூண்டு தூக்குவது. எங்கள் பக்கத்தில் முதல்முறை வருகிற பையன் கையில் வலையைக் கொடுக்க மாட்டார்கள், கண்ணியைக் கொடுக்க மாட்டார்கள். கூண்டைத்தான் கொடுப்பார்கள். அதற்கு ஒரு துணி உறை உண்டு. உறை போட்ட கூண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குலுங்காமல், பறவை மிரளாமல், முள்ளுக்குள் நடக்க வேண்டும். கூண்டு குலுங்கினால் சேவல் கோவித்துக்கொண்டு அன்று முழுக்க வாயே திறக்காது. அப்புறம் அத்தனை தூரம் வந்தது வீண். ஆகவே கூண்டு தூக்கிக்குத்தான் பொறுப்பு அதிகம். சின்னவனிடம் சின்ன வேலை என்று தோன்றும். உண்மையில் அன்றைய வேட்டையே அவன் நடையில் இருக்கும்.

கொச்சடை, துவரிமான் தாண்டி, மேலக்கால் ரோட்டிலிருந்து தெற்கே திரும்பினால் நாகமலை. பாம்பு படுத்த மாதிரி நீண்டு கிடக்கும் வறட்டு மலை. அதன் அடிவாரத்தில் உடைமரமும் காரையும் சூரையும் இலந்தையும் மண்டிய காடு. நடுநடுவே மானாவாரிச் சோளம், எள். கௌதாரி விரும்புவது இந்த மாதிரி இரண்டுங்கெட்டான் நிலத்தைத்தான். அடர்ந்த காட்டில் அது கிடையாது. புல்லும் முள்ளும் விளைச்சலும் கலந்த இடத்தில் ஓடித்திரியும்; முடிந்தவரை பறக்காது. மிதித்துவிடுகிற அளவுக்குப் பக்கத்தில் போன பிறகு விருட்டென்று கிளம்பி, கொஞ்ச தூரத்தில் இறங்கி மறுபடி ஓடும். ராத்திரி தூக்கம் முள்மரக் கிளையில். பறவை நூல்களில் இதற்கு உள்ள பெயர் பாண்டிச்சேரியைச் சேர்த்து இட்டது. 1789இல் க்மெலின் என்ற ஜெர்மானியர் வைத்தது. முதல் மாதிரி அங்கிருந்து போனதால் அந்த ஊருக்குப் பேர். மதுரைக் கரட்டில் பிறந்தது என்று யாரும் வாதாடப் போகவில்லை.

முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடிவெள்ளி இருக்கும்போதே அடிவாரத்துக்குப் போய்விட்டோம். மாமா குந்தவைத்துக் காதை மட்டும் கொடுத்தார். நான் வாய் திறந்தேன். "கம்முனு இருடா. அது எங்கிட்டு இருந்து கூப்புடுதுன்னு நீதான் சொல்லணும்." கௌதாரிக் கூவல் ஏமாற்றுக் கூவல். முதலில் கிர்ரென்று ஒரு செருமல், பிறகு மூன்று மூன்று அசையாக ஏறிக்கொண்டே போகும். மலையில் பட்டுத் திரும்பும் ஒலி எது, பறவை எது என்று முதலில் பிரிபடாது. நான் மேற்கே கை காட்டினேன். மாமா தலையசைக்கவில்லை. மறுபடி கேட்டேன். வடமேற்கே, எள்ளுக் கொல்லை ஓரம். "ஆமா" என்றார். அந்த ஒரு "ஆமா"வுக்கு இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கூண்டை இறக்கி, சுற்றிலும் முழ உயரத்துக்கு மெல்லிய வலையைக் குச்சியில் தொய்வாக நிறுத்தினார். தொய்வுதான் சூட்சுமம், விறைப்பாகக் கட்டினால் மோதின பறவை திரும்பிவிடும். உறையை எடுத்ததும் எங்கள் சேவல் ஒரு முறை கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு கூவியது. எள்ளுக் கொல்லைச் சேவலுக்கு அது பொறுக்கவில்லை. தன் எல்லைக்குள் இன்னொருவன் குரல். பதிலுக்குப் பதில், பதிலுக்குப் பதில், ஒவ்வொன்றும் முன்னைவிடப் பக்கத்தில். கடைசியில் குரல் நின்றுவிட்டது. மாமா என் தோளை அழுத்தினார். குரல் நின்றால் பறவை ஓடிவருகிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் வலை குலுங்கியதைத்தான் பார்த்தேன். காலில் இரண்டு முள் முளைத்த, முற்றின சேவல். வலையை விட்டு எடுக்கும்போது அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. அந்தத் துடிப்பை நான் மறக்கவில்லை. சந்தோஷமும் இருந்தது, அழுகையும் வந்தது. மாமா இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பார்வை வித்தை எவ்வளவு பழசு என்பதைப் பின்னால் தமிழாசிரியர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்ற வேட்டுவரின் குடிசை வருகிறது. அதன் முன்னால் ஒரு விளாமரம். பார்வை மானைக் கட்டிக்கட்டி அடிமரம் தேய்ந்துபோய்க் கிடக்கிறது. காட்டு மானை இழுக்க வீட்டு மான். அதே பாட்டில் புதருக்கு வலை கட்டி, வளைத்துக்கொண்டு, நீண்ட காது முயலைப் பிடிக்கிற காட்சியும் உண்டு. கலித்தொகையிலோ குறும்பூழ்ச் சண்டை, அதாவது காடைச் சண்டை, ஊடலுக்கே காரணமாகிறது. ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேய்ந்த விளாமரத்தை நினைத்தால் எங்கள் திண்ணை விட்டத்தில் கூண்டுக் கயிறு அறுத்த தடம் கண்ணில் நிற்கும்.

நாகமலைக்குத் தெற்கே சமண மலை. அதன் அடியில் கீழக்குயில்குடி. கொல்லாமையை ஊருக்கு உரைத்த சமணர்களின் படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் மேலே. வேட்டை நாய் குரைக்கிற ஊர் கீழே. இரண்டும் ஒரே பாறையில் எத்தனையோ நூற்றாண்டு இருந்திருக்கின்றன. ஆனால் கீழக்குயில்குடியின் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது வேறு விதமாக. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. அதன்பின் மற்ற பிரமலைக் கள்ளர் ஊர்களுக்கும் பரவியது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் செத்தவர்களில் ஒருத்தி.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பெயர் பதிந்த ஆண்பிள்ளை ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் சாவடியில் படுக்க வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும். இதில் வேட்டை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கௌதாரி கூவுவது விடியற்காலை. அந்த நேரத்தில் காட்டில் கையில் வலையோடு ஒரு மனிதன் நின்றால் அவன் வேட்டைக்காரனா, திருடனா? தீர்மானிப்பது ஏட்டையா. அம்மா வழித் தாத்தா காலத்தில் ஒரு தலைமுறை கௌதாரிக்கே போகவில்லை என்று அம்மாச்சி சொல்வார். பகலில் ஆடு மேய்க்கிற சாக்கில் பையன்கள் மட்டும் போய் வந்திருக்கிறார்கள். ரேகை வைக்கிற வயசு வராத பிள்ளைகள். கூண்டு பையன் கைக்கு வந்த வழக்கம் அப்போதுதான் உறுதிப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சட்டம் 1947இல் போயிற்று. அதற்குப் பிறகு கூண்டும் அப்பாவும் மகனுமாக ஒன்றாகப் போனார்கள்.

இதற்கெல்லாம் முன்பிருந்தே வெள்ளைக்காரத் துரைமார் பழனி மலையிலும் நீலகிரியிலும் துப்பாக்கியோடு திரிந்தார்கள். டக்ளஸ் ஹாமில்டன் போன்றவர்கள் தங்கள் வேட்டைக் கதையைத் தடித்த புத்தகங்களாகவே விட்டுப்போயிருக்கிறார்கள். சுடச்சுட உயிர்கள் குறைந்தபோது அவர்களே சட்டமும் போட்டார்கள்: யானைக்கு 1873இல், நீலகிரி வேட்டை விலங்குக்கும் மீனுக்கும் 1879இல். நடுவில் 1878 ஆயுதச் சட்டம். இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு. 1912இல் காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் ஒரு சட்டம். காகிதத்தில் என்ன இருந்தாலும், நடைமுறையில் இவை எதுவும் எங்கள் கரட்டுக் கௌதாரியை எட்டவில்லை. அதற்கு யானையின் கம்பீரம் கிடையாது, துரைக்கு மாட்டிவைக்கக் கொம்பும் கிடையாது.

துப்பாக்கி என்றதும் இன்னொரு கூட்டத்தாரைச் சொல்ல வேண்டும். நரிக்குறவர்கள். சக்கிமங்கலத்தில் அவர்களுக்குக் குடியிருப்பு உண்டு. பறவைக் குரலில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கூண்டே இல்லாமல் வாயாலேயே கௌதாரியைக் கூப்பிட்டுவிடுவார்கள். கண்ணியில் சுருக்கு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதை மாமா அவர்களிடம்தான் கற்றார். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

கௌதாரி வேட்டை இரண்டு பேர் சமாச்சாரம் என்றால், பாரிவேட்டை ஊர்ச் சமாச்சாரம். மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டிக் குலசாமி கும்பிடப் போவார்கள் இல்லையா, அதன் ஒட்டாகவே மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கத்து ஊர்கள் பலவற்றில் வேட்டைக்குக் கிளம்புவது வழக்கமாக இருந்தது. கம்பு, வலை, நாய். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லி உடம்பும் நெட்டைக் காலும் உள்ள நாய்களுக்கு அன்று மரியாதை தனி. முயல்தான் இலக்கு. முதல்முறை வருகிற பையனுக்குத் திருநீறு பூசி, கையில் அவன் உயரத்துக்கு ஒரு கம்பு கொடுத்து, வரிசையின் நடுவில் நிறுத்துவார்கள். ஓரத்தில் நிறுத்த மாட்டார்கள். வழி தவறிவிடுவான், கம்பு எறிகிறவன் கண்ணுக்கும் தெரிய மாட்டான்.

என் மனசில் நிற்பது வேட்டையைவிடப் பங்கு போட்டதுதான். எங்கள் அம்மா ஊரில் கறியைக் கோயில் முன்னால் வாழை இலையில் கூறு வைப்பார்கள். ஓடினவன், ஓடாதவன், நாய்க்காரன், வயசாகி வீட்டில் கிடக்கிறவர், எல்லோருக்கும் கூறு. புருஷன் இல்லாத வீட்டுக்கும் உண்டு. பத்துப் பதினைந்து முயல், நூறு வீடு; ஒரு கூறில் என்ன இருக்கும்? ஒரு துண்டு எலும்பும் நாலு துணுக்குக் கறியும். ஆனால் முதல்முறை வந்த பையனுக்கு அன்று முதல் அவன் பெயரில் தனிக் கூறு. அப்பாவின் கூறில் சேராது. அதை அவனே வாங்கி, அவனே அம்மாவிடம் கொடுக்க வேண்டும். ஊர் ஒருவனை ஆளாக மதித்துவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கூறை வாங்கிக்கொண்டு நடந்த பையன்கள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வேட்டையாடின ஜனங்கள் எல்லாவற்றையும் கொன்றார்கள் என்று யாராவது சொன்னால் நான் கொள்ளுக்குடிப்பட்டியைக் காட்டுவேன். சிவகங்கை மாவட்டம், மதுரையிலிருந்து 51 கிலோமீட்டர். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்று 1977இல் அரசாங்கம் அறிவித்த கண்மாய்கள் அங்கே இருக்கின்றன. கூடு கட்ட வருகிற நாரைகளும் கொக்குகளும் மிரண்டுவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. பிள்ளைகள் கேட்டு அழுதாலும் இல்லை. பாரிவேட்டைச் சீமையின் நடுவில்தான் அந்த ஊர்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது ஆரப்பாளையத்துத் திண்ணைகளில் பெரிய சலசலப்பு எதுவும் இல்லை. கௌதாரியும் காடையும் முயலும் நாலாம் அட்டவணையில், சின்ன வேட்டை உயிர்கள் என்ற பெயரில் இருந்தன. லைசென்ஸ் வாங்கினால் ஆடலாம் என்றிருந்தது. 1991 திருத்தம் அந்த வாசலையும் அடைத்தது. காக்கை, எலி மாதிரி ஒரு சிலவற்றைத் தவிர வேறெதையும் கொல்லவோ பிடிக்கவோ கூடாது என்று அப்போது ஆயிற்று. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. கூண்டில் வைத்திருப்பதே குற்றம். கூண்டுகள் ஒவ்வொன்றாகத் திண்ணையிலிருந்து இறங்கின. மாமாவுக்கு அப்போது கை நடுக்கம் வந்துவிட்டது. வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "மொதல்லயே போட்டுருக்கணும் மாப்ள. இப்ப கூப்புடுறதுக்கே எங்க இருக்கு?" என்றார்.

அவர் சொன்னது சரி. என் கணிப்பில் வலை பிடித்ததைவிட நிலம் போனதால் குறைந்ததே அதிகம். 1966இல் மதுரைக்குப் பல்கலைக்கழகம் வந்தபோது நாகமலைப் பக்கம் பல்கலை நகரானது. அதில் எனக்கு வருத்தமில்லை, எங்கள் தெருவிலிருந்தே முதல் பட்டதாரிகள் அங்கேதான் வந்தார்கள். ஆனால் அடுத்தடுத்து பிளாட், குவாரி, பைபாஸ். மிஞ்சின கரட்டில் சீமைக்கருவேலம் ஏறி, கீழே புல் இல்லாமல் அடித்துவிட்டது. புல் இல்லாத இடத்தில் பூச்சி இல்லை. பூச்சி இல்லாத இடத்தில் கௌதாரிக் குஞ்சு பிழைக்காது. இந்த நிலையில் ஒரு சேவலைக்கூட வலையில் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதை நான் மனசார ஏற்கிறேன். ராத்திரியில் டார்ச் அடித்து முயல் சுடுகிறவனுக்கும், கௌதாரியைப் பையில் போட்டு விற்கிறவனுக்கும் பழைய வழக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ள எந்த நியாயமும் கிடையாது.

அமெரிக்காவில் வேறு பாதை போட்டார்கள். அங்கே காட்டு வான்கோழி உண்டு. நம் ஊருக்கு அந்தப் பறவை கடல் வழியாக வந்தது. 1612இல் கோவாவிலிருந்து முகரப் கான் கொண்டுபோய்க் கொடுத்த வான்கோழியைப் பார்த்து வியந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அதை ஓவியர் மன்சூரை விட்டுப் படம் எழுதச் சொன்னார். அதன் சொந்த நாட்டிலோ, சுட்டும் காடழித்தும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1937இல் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வன உயிர்களின் மீட்புக்கென்றே ஒதுக்கச் சட்டம் செய்தார்கள். ஐம்பதுகளில் வெடிமருந்தால் பாய்கிற பெரிய வலைகளை வீசி, மிஞ்சிய இடத்துப் பறவைகளைப் பிடித்து, இல்லாத காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வலையே பறவையைக் காப்பாற்றியது. இன்று பல மாநிலங்களில் சிறுவர்களுக்கென்றே வேட்டை நாட்கள் உண்டு. தகப்பன் இருட்டோடு பிள்ளையைக் கூட்டிப்போய் மரத்தடியில் உட்காரவைத்து, பெட்டைக் குரலை மரப்பெட்டியில் தேய்த்து எழுப்பி, சேவலை வரவழைக்கிறான். நாங்கள் எதிரிச் சேவல் குரலால் கூப்பிட்டோம், அவர்கள் பெட்டைக் குரலால் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இடம் பெரிது, கூட்டம் குறைவு. அந்த ஏற்பாட்டை இங்கே கொண்டுவர முடியாது.

இங்கே முடிந்தது வேறொன்று. 2022இல் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறுகளும் இராசாளிகளும் வந்துபோகும் பாறைகள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மதுரையில் நிறையப் பிள்ளைகள் காலையில் தொலைநோக்கியோடு கிளம்புகிறார்கள். அவர்களோடு சமண மலை அடிவாரத்துக்கு என் அக்கா பேரனை நானும் கூட்டிப்போகிறேன். அவனுக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது கரையான் கலயம்தான். கோழிக்குப் போடுகிறோம் என்று அவன் அம்மாவைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

போன பொங்கலுக்கு அவன் போனில் கௌதாரிக் குரலைப் பதிவிறக்கிக்கொண்டு வந்திருந்தான். "தாத்தா, இதப் போட்டா அதுவே ஓடிவந்துரும். போட்டோ எடுத்துரலாம்." எங்கள் மாமாவின் கூண்டு இப்போது இந்தச் சின்னக் கருவிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாமாவிடம் ஒரு கண்டிப்பு இருந்தது: குஞ்சோடு திரியும் ஜோடிக்குப் பக்கத்தில் கூண்டை இறக்கவே கூடாது. சேவல் சண்டைக்கு ஓடிவந்தால் குஞ்சுகளுக்குக் காவல் பாதியாகிவிடும். கீரியும் வல்லூறும் அதற்குத்தான் காத்திருக்கும். வலை இல்லாவிட்டாலும் இந்த நியாயம் மாறவில்லை. அதை அவனுக்கு விளக்கிச் சொல்லி, போனைப் பைக்குள் வைக்கச் சொன்னேன்.

"அப்ப எப்பத்தான் கூப்புடும்?"

"அதுக்குத் தோணுறப்ப கூப்புடும். எங்கிட்டு இருந்துன்னு நீதான் சொல்லணும்."

ஏழு மணி தாண்டியும் கூப்பிடவில்லை. மயில், செம்போத்து, தவிட்டுக்குருவி, பனங்காடை என்று எழுதிக்கொண்டு, கௌதாரியை எழுதாமலேயே அன்றைய பட்டியலை அனுப்பினோம்.